வெள்ளச்சியின் இடது கால்

பை விழுந்தது.

அதுவரை மேலே கம்பித் தட்டில் ஒழுங்காகத்தான் இருந்தது. பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ், சவரிக்காடு தாண்டி ஒரு வளைவில் ஒடித்துத் திரும்பியபோது கிளம்பியது. தமயந்தியின் தோளில் மோதி, மடியில் புரண்டு, கால் பெருவிரல் மேல் வந்து உட்கார்ந்தது.

"ஐயோ... அம்மா!"

"ஏங்க, மன்னிச்சுக்கங்க... என் பைதாங்க!" பக்கத்தில் இருந்தவன் பதறி எழுந்தான். "எங்க பட்டுச்சு? தோள்லயா, கால்லயா?"

"ரெண்டுலயும்."

"எதுல பலமா?"

"ஏன்... பலமா பட்டதுக்குத் தனியா மன்னிப்புக் கேப்பீங்களோ?"

"இல்லங்க... உள்ள எவர்சில்வர் ஃபிளாஸ்க் இருக்கு. அதோட அடிப்பக்கம் பட்டிருந்தா வீங்கும். துணிப்பக்கம் பட்டிருந்தா ஒண்ணும் செய்யாது. அதான்..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறானா என்று தேடினாள். இல்லை. அந்தக் கண்களில் கேலியே இல்லை... மழை நனைத்த கூழாங்கல் மாதிரிக் கறுத்துப் பளபளத்த கண்கள். அதில் உண்மையான கவலை. ஒரு பெருவிரலுக்காக இத்தனை கவலைப்படும் ஆணை அவள் பார்த்து நாளாகிவிட்டது.

"துணிப்பக்கம்தான்" என்றாள். பொய். விரல் விண்ணென்று தெறித்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இன்னும் இரண்டு வளைவு ஏறியதும் பஸ் நின்றது. ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது.

"எல்லாரும் உள்ளயே இருங்க. வெட்டி எடுக்க நேரமாகும்" என்றார் கண்டக்டர். ஆட்கள் அரிவாளும் கயிறுமாக ஓடினார்கள்.

தமயந்தி சாய்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அன்று விடுமுறை. கொடைக்கானலில் நர்ஸாக இருக்கும் அண்ணி ஷர்மிளாவைப் பார்க்கப் போகிறாள். அவசரம் ஒன்றுமில்லை.

"கீழ என்ன சோலியா வந்தீங்க?" பேச்சை அவள்தான் தொடங்கினாள்.

"பிளேன் ஓட்டப் படிக்கிறேங்க." சொல்லிவிட்டு, "படிச்சேன்" என்று திருத்தினான்.

தமயந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழனிக்கு வடக்கே, பொட்டல் காட்டில் இருக்கும் அந்தச் சின்ன விமானப் பயிற்சிப் பள்ளியில்தான் அவளும் வேலை பார்க்கிறாள். இன்ஜினியர். விமானங்களைச் சோதித்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவள். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஓடுபாதையின் இந்தக் கோடியில், விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் அவளுடைய ஹேங்கர். அந்தக் கோடியில் மாணவர்களும் ஆபீசும். நடுவே வெயில். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் போனில்தான்.

சொல்லலாமா? வேண்டாம்... கொஞ்ச நேரம் கேட்போமே.

"ஏன் விட்டுட்டீங்க?"

"எறக்க வரலீங்க. ஏத்த வருது, திருப்ப வருது. தரைகிட்ட வந்ததும் தடால்! தரை எங்க இருக்குங்கறதுல எனக்கும் தரைக்கும் ஒரு சின்னக் கருத்து வேறுபாடு."

அவள் களுக்கென்று சிரித்தாள். அவனும் சிரித்தான். மழைச் சாரல் ஜன்னல் இடுக்கில் நுழைந்து இருவர் முகத்திலும் தெறித்தது.

"தடால்னு விழுந்தா உடனே போய்ச் சொல்லிருவேன். சொன்னா பிளேன ஹேங்கர்ல ஏத்திருவாங்க. அன்னைக்கு யாருக்கும் ஓட்டக் கிடைக்காது. பசங்க திட்டுவானுங்க. அதுகூடப் பரவால்ல... ஹேங்கர்ல புதுசா ஒரு மேடம் வந்திருக்காங்க. போன வாரம் ஸ்பீக்கர் போன்ல, ஆபீசே கேக்கற மாதிரி சொல்றாங்க: 'அந்தாள்கிட்ட கேளுங்க... ரன்வே என்ன பிள்ளையார் கோவில் வாசலா, தினம் ஒரு சூறைத்தேங்காய் விடுறதுக்கு?'"

தமயந்திக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அதன் பிறகுதான், அது தான் சொன்ன வார்த்தை என்று உறைத்தது.

இவனா? வேலப்பன் என்று பெயர் வரும்போதெல்லாம் அவள் தலையில் அடித்துக்கொள்வாளே... அந்த வேலப்பனா?

"அந்த மேடம்... ரொம்ப வயசானவங்களோ?" குரலை அடக்கிக் கேட்டாள்.

"இருக்கும்ங்க. குரல்லயே ஒரு ரிட்டயர்மென்ட் களை."

அவளுக்கு இருபத்தெட்டு வயது. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆபீசே சிரிச்சுச்சுங்க. நானும் சிரிக்கிற மாதிரி நின்னேன்..." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நேத்து முடிவு பண்ணிட்டேன். இனிமே பூம்பாறைதான். பூண்டுதான்."

ஒரு வேடிக்கைப் பேச்சு, ஒருவனை மலையேற வைத்துவிட்டதே...

"நேத்தும் தடாலா?" மெல்லக் கேட்டாள்.

"அது வேற மாதிரிங்க. எப்பவும் நேரா விழுவேன். நேத்து பக்கத்துக் காத்து. ஒருக்களிச்சு எறங்கிட்டேன். இடது சக்கரம் முதல்ல தொட்டு, ஒரு இழு இழுத்து... உள்ள எங்கயோ 'கட்'டுனு ஒரு சத்தம். சொல்லத்தான் போனேன். 'வழக்கமான தேங்காதானே, ஹேங்கருக்குச் சொல்லிடறோம் போ'ன்னுட்டாங்க. இன்னைக்குக் காலைல பாத்தா, மேடம் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. அவங்க பெரியவங்க... எல்லாம் பாத்திருப்பாங்க."

பார்க்கவில்லை.

மூக்குச் சக்கரம், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகடு, விசிறி... நேராக விழுந்தால் எதைப் பார்க்க வேண்டுமோ அதையெல்லாம் பார்த்தாள். ஒருக்களித்து இறங்கினால், சக்கரத்தைத் தாங்கும் கால் விமானத்தின் உடம்போடு சேரும் இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஒருக்களித்து என்ற ஒரு சொல் அவள் காதில் விழவே இல்லை. எப்படி விழும்? எப்படி இறங்கியது என்று ஓட்டியவரிடமே கேள் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். 'அந்தத் தேங்காய்க்காரன்கிட்ட எனக்கென்ன பேச்சு' என்று அவள்தான் கேட்கவில்லை.

"அந்தப் பிளேன இனி யார் எடுக்கப் போறாங்க?" குரல் மாறிப்போயிருந்தது.

"இன்னைக்குச் சாயங்காலம் அகிலன். எங்க செட்டுதான். முதல் தடவ தனியாப் பறக்கப் போறான். பாவம், அவனுக்கு ஒரு வாரமா தூக்கமே இல்ல..."

அவள் போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. ஜன்னல் பக்கம் நீட்டினாள். இல்லை.

"இங்க எங்க சிக்னல் கிடைக்கும்?"

"மேல போனா, பழனி தெரியற ஒரு வளைவு இருக்கு. அங்க கிடைக்கும். ஆனா இந்த மழையில..."

அவள் இறங்கிவிட்டிருந்தாள்.

"ஏம்மா, எங்கம்மா போறீங்க?" கண்டக்டர் கத்தினார். மரத்தடியில் யாரோ, "ஏலே, கயித்த வெரசா இழுலே!" என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். கிளைகளுக்கு நடுவே நுழைந்து, முள் கிழித்ததையும் பாராமல் அவள் ஓடினாள். பின்னாலேயே தடதடவென்று காலடிச் சத்தம்... தலைக்கு மேல் ஒரு குடை விரிந்தது.

"என்ன ஏதுன்னு கேக்கலீங்க" என்றான் வேலப்பன், மூச்சு வாங்க. "வழுக்கும். உள் பக்கமா வாங்க."

ஓட்டமும் நடையுமாக ஏறினார்கள். குடை முழுக்க அவள் தலைக்கு மேலேயே இருந்தது. அவன் சட்டை உடம்போடு ஒட்டி, முடியிலிருந்து நீர் ஒழுகியது. அந்த அவசரத்திலும் அது அவள் கண்ணில் பட்டது... பட்டுத் தொலைத்தது.

வளைவுக்கு வந்ததும் மழை திரையை விலக்கியது போல் நின்றது. கீழே மஞ்சள் வெயில். பழனிக் கோவில் ஒரு குமிழாக, அணைத் தண்ணீர் ஒரு தகடாக. அதற்கும் அப்பால், வெள்ளை நூல் போல ஓடுபாதை. அதில் எது நிற்கிறது, எது நகர்கிறது என்று இங்கிருந்து தெரியாது.

முதல் தடவை மணி அடித்து அறுந்தது. இரண்டாவது தடவை, மூத்த இன்ஜினியர் சேனாதிபதி எடுத்தார்.

"அண்ணே, தமயந்தி பேசுறேன். வெள்ளச்சி எங்க நிக்கிறா?"

வெள்ளச்சி, அந்த விமானத்துக்கு அவர்கள் வைத்த பேர்.

"வெளியதாம்மா. அகிலன் ஏறி உக்காந்துட்டான். பெல்ட் மாட்டிக்கிட்டிருக்கான். ஏன்?"

"அவன எறக்கிருங்க."

"என்னது?"

"எறக்கிருங்கண்ணே! நான் கையெழுத்துப் போட்டது தப்பு. நேத்து ஒருக்களிச்சு எறங்கியிருக்கு. இடது கால் சேர்ற எடத்தத் திறந்து பாருங்க. அது வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

போனுக்கு வெளியே சேனாதிபதியின் குரல் வெடித்தது. "ஏலே அகிலா! ஸ்டார்ட் பண்ணாத! எறங்கு, எறங்குலே!"

தமயந்தி அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலே குடை அசையவில்லை.

"நீங்கதான்..." என்றான் வேலப்பன்.

"ஆமா." நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நாந்தான் அந்த மேடம்."

"ஊர் பேர் தெரியாதவங்கன்னு நெனச்சு மனசுல இருந்ததெல்லாம் சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க..."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்..."

"எப்ப? நான் பூண்டு நட்டு, அறுவடையும் பண்ணின பிறகா?"

குடையை அவள் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனான். மரம் அகன்று பஸ் கிளம்பியபோது, டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்... அந்தப் பை கூட்டத்தில் மறையும் வரை.

அண்ணி வீட்டில் காபி ஆறிக்கொண்டிருந்தபோது சேனாதிபதி அழைத்தார்.

"கீறல் இருந்துச்சும்மா. நகத்தால தடவினாத் தெரியற அளவு. இன்னும் ரெண்டு எறக்கம் எறங்கியிருந்தா காலு மடங்கியிருக்கும். பெரியாளு கேட்டாரு, உன் கையெழுத்தப் பத்தி. திங்கக்கிழமை வந்து பதில் சொல்லிக்கலாம். பையன் நல்லா இருக்கான். அது போதும்."

போனை வைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது.  ஷர்மிளா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு வருஷம் முன்பு தமயந்தியின் அண்ணன் முருகவேல், சுற்றுலாக்காரர்களை விட்டுவிட்டுத் திரும்பும்போது ஜீப்போடு பள்ளத்தில் போனான். பிரேக் பிடிக்கவில்லை. அதற்கு முன்தினம் அதே ஜீப்பை ஓட்டியவனுக்கு, மிதி ஆழமாகப் போவது தெரிந்திருந்தது. முதலாளி திட்டுவாரே என்று வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை. அதற்கு விலை முருகவேல்.

"அண்ணி... இந்தாளு சொல்லியிருக்காரு. ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்காரு. திட்டினாலும், சிரிச்சாலும் சொல்லியிருக்காரு. அவரப் போய் நான்..."

ஷர்மிளா அவள் முகத்தைத் துடைத்தாள். "அந்தப் புள்ளைக்கு இது தெரிய வேண்டாமா? வெள்ளனே முதல் பஸ்ஸப் பிடிச்சுப் போய்ச் சொல்லு." பிறகு ஓரக்கண்ணால் பார்த்தாள். "குடையும் குடுக்கணும்ல?"

பூம்பாறையில் இறங்கி, "வேலப்பன் வீடு எது?" என்று கேட்டதற்கு டீக்கடையே சிரித்தது.

"குழந்தை வேலப்பர் கோவில் இருக்கிற ஊரும்மா. இங்க கல்லெறிஞ்சா ஒரு வேலப்பன் மேலதான் விழும். எந்த வேலப்பன்?"

"பிளேன் ஓட்டப் படிக்கிற..."

"ஓ... விழுந்து விழுந்து எந்திரிக்கிறவனா? அந்தா, கீழ மூணாவது வயக்காடு."

படிப்படியாக இறங்கும் வயல்களில் பனி இன்னும் படுத்திருந்தது. வேலப்பன் பூண்டு பரப்பிய சாக்கின் முன்னால் குந்தியிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா கந்தம்மாள். தமயந்தியைப் பார்த்ததும் அவன் எழுந்தான்... முகம் இறுகியது. கண்கள் மட்டும் இறுகவில்லை.

"யாருடா?" என்றாள் கந்தம்மாள். அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "அட... தேங்கா மேடமா?"

"ஆமாங்கம்மா." தமயந்திக்குக் காது மடல் வரை சிவந்தது. அவனைப் பார்த்துச் சொன்னாள். "கீறல் இருந்துச்சுங்க. இடது கால்ல. நீங்க சொன்ன எடத்துலயே."

"அகிலன்?"

அதுதான் அவன் கேட்ட முதல் வார்த்தை.

"பறக்கல. எறக்கிட்டாங்க. நல்லா இருக்காரு."

அவன் மெதுவாகச் சாக்கின் மேல் உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான்.

"பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், நீங்க" என்றாள் தமயந்தி. "சொல்றத நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தல?"

அவனுக்குப் பதில் கந்தம்மாள் சொன்னாள். "இங்க அப்படித்தாம்மா. பூண்டுக் கூடைய எவன் கீழ போட்டாலும், போட்டேன்னு சொல்லிரணும். அடிபட்ட பூண்டு வெளிய பாக்க முத்தாட்டம் இருக்கும். உள்ள கருத்து, கூட இருக்கிற மூட்டையையும் கெடுத்துரும். அதனால கீழ போட்ட புள்ளைய அடிக்க மாட்டோம். மறைச்ச புள்ளையத்தான் அடிப்போம். இவன் ஒருநாளும் அடி வாங்கினதில்ல." பெருமையை மறைக்கக் குனிந்து பூண்டை அள்ளினாள்.

தமயந்தி தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். சுருக்கமாகத்தான்.

"அதனால... நீங்க வரணும்" என்று முடித்தாள். "நான் கேலி பண்ணினது தப்பு. ஆபீசு முன்னால கேலி பண்ணினேன், ஆபீசு முன்னாலயே மன்னிப்புக் கேக்கறேன். ஆனா இனிமே தடால்னா ஆபீசுக்குப் போக வேண்டாம். நேரா ஹேங்கருக்கு வந்து, என்கிட்டயே சொல்லுங்க. எப்படி விழுந்துச்சுன்னு நானே கேக்கறேன்."

"ரொம்ப தூரம் நடக்கணுமே..." என்றான் அவன், தரையைப் பார்த்து. உதட்டோரத்தில் ஏதோ நெளிந்தது.

"தேங்கா விடாதீங்க. நடக்க வேண்டாம்."

கந்தம்மாள்தான் முதலில் சிரித்தாள்.

அவன் வந்தான். அவளும் மன்னிப்புக் கேட்டாள், அதே ஸ்பீக்கர் போனில். தன் கையெழுத்துக்கு மேலிடத்தில் பதில் சொல்லி, கண்டிப்பு வாங்கிக்கொண்டு, மறுபடி வேலையில் நின்றாள்.

முதல் வாரம் வேலப்பன் கிட்டத்தட்ட தினமும் வந்தான். ஓடுபாதை ஓரமாக, கொதிக்கும் வெயிலில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நடந்து வருவான்.

"சொல்லுங்க."

"நேராத்தான். ரெண்டு சக்கரமும் ஒண்ணா. ஒரு துள்ளு துள்ளுச்சு."

"எவ்வளவு உயரம்?"

"ஒரு கன்னுக்குட்டி துள்ளுற அளவு."

அவள் விளக்கை எடுத்துக்கொண்டு வெள்ளச்சியின் வயிற்றுக்கு அடியில் படுப்பாள். அவன் பக்கத்தில் குந்தி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வான். பிறகு டீ வரும். டீ தீர்ந்த பிறகும் பேச்சு தீராது... பூம்பாறைப் பனி, முருகவேலின் முரட்டுச் சிரிப்பு, அடிவாரத்தில் அவள் அப்பா வைத்திருக்கும் பூஜைச் சாமான் கடை. அண்ணனைப் பற்றி அழாமல் பேச முடிகிறது என்பதை, தமயந்தி அந்த ஹேங்கர் நிழலில்தான் கண்டுபிடித்தாள்.

பயிற்சியாளர் ஜெயமுருகன்தான் ஒருநாள் அவன் கோளாறைப் பிடித்தார். "நீ மலைக்காரன். காலடியவே பாத்து எறங்கற. இது வரப்பு இல்லப்பா. ரன்வேயோட அந்தக் கோடியப் பாரு."

பார்த்தான். அதன் பிறகு துள்ளல் குறைந்தது. வாரத்துக்கு இரண்டு தடால். பிறகு ஒன்று. பிறகு...

ஓடுபாதை ஓரம் வெறிச்சென்று ஆனது.

தமயந்தி சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வெள்ளச்சி இறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை நின்றுவிடும். சக்கரம் 'ச்ச்' என்று தரையை முத்தமிடும். அவ்வளவுதான். மறுபடி ஸ்பானரை எடுப்பாள். அது கனக்கும்.

"என்னம்மா, பெருமூச்சு?" என்பார் சேனாதிபதி. "பிளேனுக்கு ஒண்ணும் இல்லயே?"

"ஒண்ணும் இல்லண்ணே. ஒண்ணுமே இல்ல."

அவனுடைய கடைசித் தேர்வு நாள் வந்தது. தேறினால் அடுத்த கட்டப் பயிற்சிக்கு வேறு ஊர். வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது. மூன்று தடவை ஏறினான். மூன்று தடவையும் வெள்ளச்சி, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல இறங்கினாள். அந்தக் கோடியில் கைதட்டல் கேட்டது. தமயந்தி சிரித்தாள்... சிரித்த வாயிலேயே உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவ்வளவுதானா? போய்விடுவானா?

வெயிலில் ஓர் உருவம் அசைந்தது.

தொப்பியைக் கையில் பிடித்தபடி வேலப்பன் நடந்து வந்துகொண்டிருந்தான்.

சேனாதிபதிக்கு அந்த நேரம் பார்த்து வெளியே ஏதோ வேலை வந்துவிட்டது.

"சொல்லுங்க" என்றாள். பழக்கம்.

"பாஸ்."

"கேட்டுச்சு... கைதட்டல். எறக்கம் எப்படி?"

"நல்லா எறங்குச்சு. சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா, இவ்வளவு தூரம் எதுக்கு நடந்து வந்தீங்க?"

அவன் நிமிர்ந்தான். மழைக்கால பஸ்ஸில் ஒரு பெருவிரலுக்காகக் கவலைப்பட்ட அதே கண்கள். இப்போது அதில் கவலையோடு வேறொன்றும் இருந்தது.

"அதத்தாங்க சொல்ல வந்தேன்... ஒண்ணும் இல்லாட்டியும் வரணும் போல இருக்கு. தினமும். எந்த ஊர்ல இருந்தாலும்."

ஹேங்கரின் தகரக் கூரையில் புறா ஒன்று படபடத்தது. தமயந்தி கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உங்ககிட்ட நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "சொன்னா என் லைசென்ஸையே பிடுங்கிருவாங்க."

"என்னங்க?"

"இந்த மூணு வாரமா... பிளேன் எறங்குற சத்தம் கேக்கும்போதெல்லாம்..." அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒரே ஒரு தடவ தடால்னு விழக் கூடாதான்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டிருந்தேன்."

அவன் ஒரு கணம் திகைத்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள்... சிரித்துக்கொண்டே அழுதாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று, சத்தமே இல்லாமல் இறங்கிப் போயிருந்தது.